கடைமடைக்கு முதல் தண்ணீர்

(சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் தஞ்சாவூரில் கூடிய கூட்டத்தில், நவம்பர் 14 அன்று நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று குழந்தைகள் தினம். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்கிற நாள். உலக நீரிழிவு நாளும் இதுவேதான். நேரு பிறந்த அதே நவம்பர் 14-ல், அவருக்கு இரண்டு வருஷம் இளையவராக, 1891-ல் கனடாவில் பிறந்தவர் பிரெடரிக் பாண்டிங். இன்சுலினைக் கண்டெடுத்த நால்வரில் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. பிள்ளைகளுக்கு மிட்டாய் தரும் நாளும் சர்க்கரை நோய்க்கான நாளும் ஒன்றாக வந்து விழுந்ததைப் பார்த்து என் பேத்திக்கு அந்த நோய் வந்த முதல் வருஷம் எங்கள் வீட்டில் அழுதார்கள். "மிட்டாயை வாங்காதே, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா" என்று அவளை அனுப்பிவைத்தோம். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும். சர்க்கரை தாழ்ந்துவிட்டால் அதுதான் மருந்து. இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. நீங்கள் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம் என்பதால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

நான் மருத்துவன் இல்லை. பொதுப்பணித்துறையில், மதகு திறந்து மூடும் லஸ்கராகச் சேர்ந்து, பாசன ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நாலாகப் பிரிகிறதே, அதில் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில்தான் என் காலம் போனது. மேட்டூர் அணை முடிந்த 1934-ஐ ஒட்டித் தண்ணீர் கண்ட கால்வாய் அது. பேராவூரணிப் பக்கம் போய் முடியும். அணையில் நூறு அடி தண்ணீர் இருக்கும், செய்தித்தாளில் படமும் வரும், கடைமடையான பேராவூரணியில் ஒரு வயல் வெடித்துக் கிடக்கும். என் உத்தியோகம் முழுக்க இந்த ஒரே வழக்குத்தான். இன்சுலின் விஷயமும் அதே வழக்குத்தான் என்பது 2016-ல் எனக்குத் தெரியவந்தது.

அப்போது பேத்திக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளை சிங்கப்பூரில், மகளும் பிள்ளையும் எங்களோடு. வைகாசி வெயில். பிள்ளை ராத்திரி நாலு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போனாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், எலும்பும் தோலுமானாள். உடம்புச் சூடு என்று சொல்லி நானே தோப்பிலிருந்து இளநீர் இறக்கிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று. நல்லது செய்வதாக நினைத்து சர்க்கரையின் மேல் சர்க்கரையை ஊற்றியிருக்கிறேன். ஐந்தாம் நாள் மூச்சு வேகமாக வாங்கியது, வாயில் பழம் அழுகிய வாடை. ஆஸ்பத்திரியில் மீட்டரில் எண் வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. அந்த ஐந்து நாளை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இந்த அரங்கத்தை விட்டுப் போனதும் உங்கள் தெருவில் நாலு பேரிடம் சொல்லுங்கள்: மெலிவு, தாகம், அடிக்கடி மூத்திரம், படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைப்பது, இவை சூடு இல்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஊரில் எல்லாருக்கும்தான் சுகர், இதற்கென்ன தனிக்கூட்டம் என்று கேட்பார்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்றது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். அநேகமாக எல்லாருமே இரண்டாம் வகை. அவர்களுக்கு இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு முதல் வகை. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் காவல்படையே அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததும் இல்லை, பெற்றவள் செய்த பாவமும் இல்லை. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி, அந்தப் பத்துக் கோடிக்குள் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். "எனக்கும்தான் இருபது வருஷமா சுகர், பாகற்காய் சாப்பிட்டா சரியாயிடும்" என்று ஒரு மாமா எல்லா வீட்டுக்கும் வருவார். வாசலில் ஒருவர் இன்சுலின் செடி நட்டுத்தருவார். அந்த இலையில் இன்சுலின் கிடையாது. அதை நம்பி ஊசியை நிறுத்தினால் பெரியவருக்குச் சர்க்கரை ஏறும், பிள்ளைக்கு உயிர் போகும்.

இனி என் பாஷையில் சொல்கிறேன். கணையத்துக்குள் செல்கள் திட்டுத் திட்டாக, தீவு மாதிரிக் கிடக்கின்றன. 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் அவற்றைப் பார்த்தார். தீவு என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் இன்சுலின் என்ற பேரே வந்தது. ஸ்ரீரங்கம் மாதிரி ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்தத் தீவு நல்ல நிலையில் இருந்தால் இரண்டு வேலை செய்கிறது. ராப்பகலாக வாய்க்காலில் மெல்லிய ஓட்டம் ஒன்று விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிட்டவுடன் மதகைத் தூக்கி ஒரு மொத்த நீர் விடும். முதலாவதை டாக்டர்கள் பேசல் என்கிறார்கள், இரண்டாவதை போலஸ் என்கிறார்கள். ஊசி போடுகிறவர்கள் பேசலுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் ஒரு மருந்தும், சாப்பாட்டுக்கு ஒரு மருந்துமாகப் போட்டுச் சமாளிக்கிறோம். இன்சுலின் பம்ப் இந்த இரண்டையும் ஒரே மருந்தால் செய்கிறது. இடுப்பில் செருகும் சின்னக் கருவி. உள்ளே இரண்டு மூன்று நாளைக்கான மருந்து. அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று தோலுக்கடியில் போகும். சில நிமிஷத்துக்கு ஒரு துளி. சாப்பாட்டுக்கு முன் நாம் கணக்குச் சொல்ல வேண்டும், அது மதகைத் தூக்கும். புதிய கருவிகளில் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சென்சாரும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை தாழப்போகிறது என்று தெரிந்தால் ஷட்டரைத் தானே இறக்கிவிடும். 1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்ட் கேடிஷ் என்ற மருத்துவர் செய்த முதல் பம்ப், முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியதாக இருந்ததாம்.

பம்ப் வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்பவர்கள் அதிகம். எங்களிடம் 2021 முதல் இருக்கிறது. நகையை வைத்து வாங்கினோம். விலை லட்சக்கணக்கில். அதைவிட, மாதாமாதம் குழாய், சென்சார் என்று ஆயிரக்கணக்கில் போகும் செலவை முதலில் கணக்குப் போடுங்கள். கருவியை நன்கொடையாகத் தர ஆள் கிடைப்பார், ஆறாம் மாதக் குழாய்க்கு ஆள் கிடைக்கமாட்டார். பம்ப் தந்த பெரிய லாபம் என் மனைவியின் தூக்கம். ஐந்து வருஷம் நடுராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பிள்ளையின் விரலைக் குத்திப் பார்த்தவள் அவள். அந்தத் தூக்கத்துக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். காலை டிபனுக்குப் பேத்தி கணக்குச் சொன்னாள், பம்ப் கொடுத்துவிட்டேன் என்றது. பத்து மணிக்குச் சர்க்கரை 280. மறுபடி கொடுத்தோம். பன்னிரண்டு மணிக்கு 390, வாந்தி. தோலுக்கடியில் குழாயின் நுனி மடங்கிப்போயிருந்தது. பதிவேட்டில் ஷட்டர் திறந்திருக்கும், வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்திருக்கும், வயலுக்கு ஒரு சொட்டு வந்திருக்காது. நாற்பது வருஷம் அதைப் பார்த்த எனக்கே அன்று உறைக்கவில்லை. பம்ப்பில் இருப்பது குறுகிய நேர மருந்து மட்டும்தான். அது நின்றால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. ஆகவே பம்ப் இருக்கிற வீட்டில் ஊசியும் மருந்தும் கட்டாயம் இருக்க வேண்டும், ஊருக்குப் போகும் பையிலும்.

பம்ப் இல்லாதவர்கள் மனசு குறைய வேண்டாம். 1993-ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, முதல் வகை நோயாளிகள் 1,441 பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தது. அடிக்கடி சோதித்து அளந்து போட்டவர்களுக்கு, கண்ணில் புதிதாகக் கோளாறு வருவது 76 சதவீதம் குறைந்தது. அவர்களில் பம்ப் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், ஊசி மட்டும் போட்டவர்களும் இருந்தார்கள். பார்ப்பதும் அளப்பதும்தான் பலன் தந்தது. எனவே என் வரிசை இது: முதலில் ரத்தத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரிப், அடுத்து ஒரு தராசு, மூன்றாவதாக விஷயம் தெரிந்த மனிதர்கள், நாலாவதாகத்தான் பம்ப். டாக்டர்கள் சிலர் இதை மறுக்கலாம், மறுக்கட்டும்.

தராசு எதற்கு என்றால் சோற்றுக்கு. நெல் விளையும் ஊரில் சோற்றைப் பழித்துப் பேசினால் எழுந்து போய்விடுவீர்கள். இன்சுலின் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு ஊசியாகப் போடப்பட்டது 1922 ஜனவரியில், டொரண்டோவில். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அதே 1922-ல்தான். இரண்டும் நமக்குச் சோறு போட்டவை. வெள்ளைச் சோறு அதிகமாகச் சாப்பிடும் தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை கூடுதலாக வருகிறது என்று 21 நாடுகளில் நடந்த ஆய்வு 2020-ல் சொன்னது உண்மை. அது பெரியவர்கள் யோசிக்க வேண்டியது. முதல் வகைப் பிள்ளைக்குக் கேள்வி, எவ்வளவு சோறு என்பதே. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். இது தெரிந்தால் மருந்தைக் கணக்குப் போடலாம். எங்கள் வீட்டில் 'ஒரு கரண்டி' என்பது என் மனைவி கையில் 90 கிராம், என் கையில் 140. கறுப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் நல்ல அரிசிதான், அதற்காக ஊசி வேண்டாம் என்று எந்த அரிசியும் சொல்லாது.

இன்னொரு அளவுக் குழப்பம். இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவிலும் பம்ப்பிலும் போவது 100 யூனிட். ஊசியும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. எங்களுக்கு ஒரு கடையில் ஊசி மாற்றித் தந்தார்கள். நல்லவேளை பேத்தியே கண்டுபிடித்தாள், "தாத்தா, மூடி கலர் வேற" என்று. பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அதே வருஷம்தான் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை. தென்னை விழுந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் மூன்று மாத மருந்து. ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, குப்பிகளை நெகிழிப் பையில் சுற்றி இறக்கினோம். மழைக்காலத்தில் பானை அவ்வளவாகக் குளிராது, காற்றில் ஈரம் இருந்தால் மண்ணின் வியர்வை உலராது. ஆனாலும் சூடு ஏறாமல் காத்தது. பக்கத்து ஊரில் ஒரு பையனுக்கும் இதே நோய் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அவன் அப்பா சைக்கிளில் ஐஸ் தேடி அலைந்தவர், யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் இன்னொரு தாய். ஒரே பானையில் மூன்று வீட்டு மருந்து, நூல் கட்டி அடையாளம் வைத்து. எங்கள் பக்கத்துப் பெற்றோர் கூடிய முதல் கூட்டம் அந்தப் பானையைச் சுற்றித்தான். பின்னால் 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. கென்யாவின் அகதி முகாமில் நிலவும் வெப்பத்தைப் போல, 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் வைத்த இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சோதித்துச் சொன்னார்கள். படித்தபோது எங்கள் பானைக்கு ஒரு சர்டிபிகேட் கிடைத்த மாதிரி இருந்தது. பிரிக்காத மருந்துக்கு ஃப்ரிட்ஜ்தான், அதில் மாற்றமில்லை. ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்த மருந்து உதவாது.

பானையைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. ஈவா சாக்ஸல் என்று ஒரு செக் நாட்டுப் பெண். ஹிட்லருக்குத் தப்பி கணவனோடு ஷாங்காய் போனவள். அங்கே அவளுக்கு முதல் வகைச் சர்க்கரை வந்தது. 1941-ல் ஜப்பான் படை நகரத்தைப் பிடித்ததும் மருந்துக்கடைகள் மூடின, கள்ளச்சந்தையில் இன்சுலின் தங்க விலை. அவளும் கணவன் விக்டரும் என்ன செய்தார்கள் தெரியுமா? இருவருமே மருத்துவம் படித்தவர்கள் இல்லை. ஒரு மருத்துவப் புத்தகத்தில் இருந்த குறிப்பை வைத்துக்கொண்டு, எருமை மாட்டின் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் எடுத்தார்கள். பழுப்பு நிறத்தில் வந்தது. முயலுக்குப் போட்டுப் பார்த்தார்கள், பிறகு ஈவா தனக்கே போட்டுக்கொண்டாள். பிழைத்தாள். தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் நகரத்தின் மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்தாள், நானூறுக்கு மேற்பட்டவர்கள் அந்த மருந்தில் போர்க்காலத்தைத் தாண்டினார்கள். நம் ஊர் எருமையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண் ஞாபகம் வரும். நீங்கள் யாரும் வீட்டில் மருந்து காய்ச்சக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளைப் போலத் தானே வழி தேடியவர் நம் காலத்திலும் உண்டு: 2013-ல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற தகப்பன், தன் சின்ன மகனின் சென்சார் எண்ணை ஆபீசிலிருந்தே பார்க்க வழி செய்து, அதை மற்ற பெற்றோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். இன்று என் மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்துகொண்டு மகளின் எண்ணைப் போனில் பார்த்து, "சாப்பிட்டாளா?" என்று கேட்கிறார். அது காஸ்டிக் போன்ற பெற்றோர் போட்ட வழி.

நமக்கு எங்கே உதவி இருக்கிறது? அணையில் தண்ணீர் இல்லாமல் இல்லை. சென்னையில் எம். விஸ்வநாதன் 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார், பிறகு ராயபுரத்தில் தனி மருத்துவமனையே வளர்ந்தது. கோயம்புத்தூரில் இதயங்கள் அறக்கட்டளை, முதல் வகைப் பிள்ளைகளுக்கு மருந்தும் மீட்டரும் கொடுத்துத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறது. முதல் வகைக்கென்றே ஐ.சி.எம்.ஆர். 2022-ல் வழிகாட்டி வெளியிட்டது. தஞ்சையில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மிராசுதார்கள் பணம் போட்டுக் கட்டிய ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கிறது. எல்லாம் தலைமடை. அங்கே வெள்ளிக்கிழமை பேருந்து பிடித்துப் போய், ஒரு நாள் கூலியை விட்டு, மாலை திரும்புகிறவள் கடைமடைக்காரி. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தெருவுக்குத் தெரு மாத்திரை கொண்டுவரும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வருவது பெரியவர்களின் பிரஷருக்கும் சுகருக்கும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் முதல் வகைப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லுங்கள். கிராமச் செவிலியரிடமும் சொல்லுங்கள். வாய்க்கால் வெட்டியாகிவிட்டது, நம் வயலுக்கு மடை வைப்பது மட்டும்தான் பாக்கி.

சொல்லுங்கள் என்கிறேன், ஆனால் நாம் சொல்வதில்லை. பெண்பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். "நாளைக்கு வரன் வரும்போது தெரிஞ்சா என்னாகும்" என்று என் சம்பந்தியே கேட்டார். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கூடச் சொல்லாமல் மறைத்தோம். பிள்ளை கழிப்பறையில் ஒளிந்து ஊசி போட்டாள். ஒருநாள் அங்கேயே சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தாள். தூக்கியவர்களுக்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை, ஒரு அக்கா அன்போடு திருவையாற்று அசோகா அல்வாவை வாயில் வைத்தாள். அசோகாவில் நெய் அதிகம், நெய் இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். அதைவிட, நினைவு இல்லாத பிள்ளையின் வாயில் எதையும் வைக்கவே கூடாது, மூச்சு அடைத்துவிடும், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. அந்த அக்கா மேல் குற்றமில்லை. நாங்கள் சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் நான் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொண்டது சொல்லாமல் விட்டதற்காக மட்டுமே. வகுப்பாசிரியை மேசையில் அன்றிலிருந்து ஒரு சர்க்கரை டப்பா. பரீட்சைக் கூடத்துக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-ல் அனுமதித்தது. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியாக இருந்தாலும், டாக்டர் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், பொதுப்பணித்துறைக்காரன் சொல்கிறேன், காகிதம்தான் பேசும்.

நேரமாகிவிட்டது, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வேளை. பின்வரிசை மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஊர், பிள்ளையின் வயது, மருந்து 40-ஆ 100-ஆ, ஊசியா பேனாவா பம்ப்பா, வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் ஸ்ட்ரிப் எத்தனை, கரண்ட் போனால் யார் வீட்டுக்கு நடந்து போக முடியும், இதை எழுதுங்கள். முறைப்பாசனத்தில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: தலைமடைக்காரன் எவ்வளவு சத்தம் போட்டாலும் முறை வந்தால் முதல் தண்ணீர் கடைமடைக்கு. பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் முதலில் போய் எழுதிவிடுங்கள், உங்களுக்குத்தான் தூரம் அதிகம். தஞ்சாவூர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டு எழுதலாம்.